சனிக்கிழமைச் சனாதிபதி

பவதாரணி பேர்ண் நகரில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்கிறாள். வாயைத் திறந்துகொண்டு கதிரையில் சாய்ந்திருப்பவர்களின் பயத்தைப் போக்க அவர்களோடு ஓயாமல் கதை கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அவர்களால் பதில் சொல்ல முடியாது. சனிக்கிழமைகளில் ஓஸ்டர்முண்டிகன் தமிழ்ப் பாடசாலையில் பத்தாம் வகுப்பை எடுக்கும்போதும் ஏறக்குறைய அதே நிலைமைதான். ஒரே வித்தியாசம், அங்கே வாய்கள் மூடியிருந்தன.

பத்துப் பிள்ளைகள். எல்லோரும் இங்கேயே பிறந்தவர்கள். தங்களுக்குள் ஜெர்மனில் கதைக்கத் தொடங்கினால் நிறுத்த ஆள் வேண்டும். அவள் தமிழில் ஒன்று கேட்டால் பத்துப் பேரும் மேசையைப் பார்ப்பார்கள். அவளுக்கு முன் வகுப்பை எடுத்த ஆசிரியை வின்டர்தூருக்கு வீடு மாறியபோது, "நல்ல பிள்ளையள், சத்தமே போடாயினம்" என்று சொல்லித்தான் ஒப்படைத்திருந்தார். அந்த நற்சான்றிதழின் அர்த்தம் பவதாரணிக்கு இரண்டாம் வாரமே விளங்கிவிட்டது.

அந்த ஆண்டு வாய்மொழிப் பரீட்சைக்கு அமெரிக்க சனாதிபதியின் பணிகள் என்றொரு பாடம் இருந்தது. பாடசாலை அதிபர் தில்லைநாதன் அதற்கு நான்கு பக்கத்தில் குறிப்பு எழுதித் தந்திருந்தார். அதை அப்படியே சொல்லி எழுதுவித்தால் போதும் என்பது அவருடைய எண்ணம். பவதாரணி முதற் பந்தியைச் சொல்லிக்கொண்டிருக்கையில் கெவின் கையை உயர்த்தினான். அவன் கையை உயர்த்தினால் வெளியே போகக் கேட்கிறான் என்றுதான் அர்த்தம். அன்றைக்கு வேறொன்று கேட்டான்.

"ரீச்சர், நெற்றில தமிழில தேடினா அமெரிக்க அதிபர் எண்டு வருது. தில்லைநாதன் அங்கிளும் அதிபர்தானே. அப்ப அமெரிக்காவை நடத்திறது ஒரு பிரின்சிப்பலோ?"

"அது இந்தியாவில சொல்லுற முறை. அங்க நாட்டுத் தலைவரை அதிபர் எண்டுவினம். எங்கட ஆக்களுக்குப் பள்ளிக்கூடத் தலைவர்தான் அதிபர்."

"ரெண்டு பேருக்கும் ஒரே வேலையோ?"

முன்வரிசையில் இருந்த ஜெனனி திரும்பிப் பார்த்தாள். வகுப்பில் கெட்டிக்காரி அவள். சட்டம் படிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு திரிபவள். "ஒரே வேலை இல்லை. தில்லைநாதன் அங்கிளை ஒருத்தரும் தெரிவு செய்யேல்லை" என்றாள்.

வகுப்பு சிரித்தது. தமிழில் சொன்ன ஒன்றுக்குப் பத்துப் பேரும் சேர்ந்து சிரித்ததை பவதாரணி அன்றுதான் முதன்முதலாகக் கண்டாள். குறிப்பை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். என்ன செய்யப்போகிறாள் என்று அந்த நிமிடம் அவளுக்கே தெரியாது.

"சரி, ஒரு சனாதிபதியைத் தெரிவு செய்வம்" என்றாள். "ஒரேயொரு விதி. சபையில ஆர் ஜெர்மன் கதைச்சாலும் அவையின்ர முறை போச்சு. அடுத்த ஆள் கதைக்கலாம்."

கெவினும் ஜெனனியும் போட்டியிட்டார்கள். பிள்ளைகள் மூன்று மேசைகளில் இருந்தார்கள். ஒவ்வொரு மேசையும் ஒரு மாநிலம் என்றாள் பவதாரணி. நான்கு பேர் இருக்கும் மேசைக்கு நான்கு வாக்கு, மூன்று பேர் இருக்கும் மற்ற இரண்டுக்கும் மும்மூன்று. மேசையில் யாருக்கு ஆதரவு கூடவோ, அந்த மேசையின் வாக்கு முழுவதும் அவருக்கே. அமெரிக்காவில் அநேகமான மாநிலங்களில் இப்படித்தான் என்று விளக்கினாள்.

பெரிய மேசையின் நான்கு பேரும் ஜெனனிக்குக் கை தூக்கினார்கள். மற்ற இரண்டு மேசைகளிலும் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் கெவின் வென்றான். ஆறு வாக்கோடு கெவின் சனாதிபதியானான். ஜெனனி தலைகளை எண்ணிப் பார்த்தாள். ஒருமுறை எண்ணிவிட்டுத் திரும்பவும் எண்ணினாள்.

"ரீச்சர், எனக்கு ஆறு பேர் போட்டவை. அவனுக்கு நாலு பேர். நாலு எப்பிடி ஆறை வெல்லும்?"

"அங்க உண்மையாவே அப்பிடி நடந்திருக்கு. ஒருக்கா இல்லை, சில தரம்."

"இது அநியாயம்" என்று தொடங்கிய ஜெனனி, கோபத்தில் ஜெர்மனுக்குத் தாவினாள். அவளுடைய முறை போய்விட்டது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, வேண்டிய தமிழ்ச் சொற்களை மனதுக்குள் அடுக்கியபடி காத்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தபோது, இந்தப் பிள்ளை இன்று வீட்டுக்குப் போய்த் தமிழ் அகராதியைப் புரட்டும் என்று பவதாரணிக்குத் தோன்றியது.

கெவின் எழுந்து நின்று முதல் ஆணையை அறிவித்தான். "இண்டையில இருந்து சொல்வதெழுதல் இல்லை."

"அது சட்டம்" என்றாள் ஜெனனி. "சட்டம் போடுறது காங்கிரஸ். நீ இல்லை."

கெவின் பவதாரணியைப் பார்த்தான். அவள் ஆமென்று தலையசைத்தாள். சனாதிபதியைத் தவிர மீதி ஒன்பது பேரும்தான் சபை. அதன் தலைவியாக ஜெனனி ஏற்கெனவே தன்னைத் தானே நியமித்திருந்தாள். அந்தச் சபை தனது முதற் சட்டத்தை உடனே நிறைவேற்றியது. வாராவாரம் கரும்பலகையைத் துடைக்க வேண்டியது சனாதிபதி.

"நான் வீற்றோ" என்றான் கெவின்.

"மறுப்பதிகாரம் எண்டு சொல்லு."

"மறுப்பதிகாரம்."

"மூண்டில ரெண்டு பங்கு பேர் திரும்பவும் ஓம் எண்டால் உன்ர மறுப்புச் செல்லாது." ஜெனனி மேசைகளைப் பார்த்தாள். அவளோடு சேர்த்து ஆறு கைகள் உயர்ந்தன. ஒன்பதில் ஆறு.

கெவின் ஈரத் துணியை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போனான். "ரீச்சர், உலகத்திலயே பெரிய அதிகாரம் உள்ள ஆள் எண்டுதானே குறிப்பில கிடந்தது" என்றான், துடைத்தபடியே.

பெரிய மேசையில் இருந்தவர்கள் எழுந்து கைதட்டினார்கள். கெவினின் ஆதரவாளர்களும் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். அவர்களில் சுஜானிதான் எதற்கும் முதல் சிரிப்பவள். சிரிப்பை அடக்க முடியாமல் பின்னால் போனவள் யன்னலோரத்து மேசையில் இடித்துக்கொண்டாள். அந்த மேசையில் ஒரு ஊர் இருந்தது.

அறை உண்மையில் அந்தப் பள்ளிக்கூடத்தில் நாளாந்தம் படிக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுடையது. தமிழ்ப் பாடசாலைக்கு அது சனிக்கிழமைகளில் மட்டும் இரவல். அவர்கள் மட்டையாலும் பசையாலும் ஒரு மலைக்கிராமம் செய்து வைத்திருந்தார்கள். பண்ணை வீடுகள், தீப்பெட்டியில் செய்த கேபிள் கார், நடுவில் ஒரு தேவாலயம். தேவாலயத்தின் கோபுரம் நிலத்தில் விழுந்து மூன்று துண்டாயிற்று. சுஜானி குனிந்து பொறுக்கினாள். எல்லோருமாகச் சேர்ந்து ஒட்டினார்கள். ஒட்டி முடித்தபோது கோபுரம் இருந்தது. ஆனால் கேபிள் காரை எட்டிப் பார்ப்பதுபோலச் சாய்ந்திருந்தது. பவதாரணி மன்னிப்புக் கேட்டு ஒரு சீட்டு எழுதிப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த சனிக்கிழமை தில்லைநாதன் மணி அடிக்க முன்னரே வகுப்பு வாசலில் நின்றார். மூன்றாம் வகுப்பின் ஆசிரியை மோசர் அவருக்குத் தொலைபேசி எடுத்திருந்தார். குரலை உயர்த்தவில்லையாம், ஆனால் இன்னொரு முறை இப்படி நடந்தால் தமிழ்ப் பாடசாலைக்கு வேறு அறை பார்க்கச் சொல்லி நகரசபையைக் கேட்கப்போவதாகச் சொன்னாராம். வேறு அறை என்றால் நிலக்கீழ் அறைதான். அங்கே யன்னல் இல்லை.

"பவதாரணி, நீர் படிப்பிச்சது போதும் எண்டு நான் சொல்லேல்லை" என்றார் தில்லைநாதன். "விளையாட்டு வேண்டாம். குறிப்பைச் சொல்லி எழுதுவியும். பரீட்சைக்கும் அதுதான் வரும்."

"பிழை என்னில அண்ணை. பிள்ளையள எழும்ப விட்டது நான்."

"ஆரில பிழை எண்டு நான் பாக்கேல்லை. அறை போனால் எல்லாருக்கும்தான் போகும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. பவதாரணி உள்ளே போய்க் கைப்பையைத் திறந்து குறிப்பை எடுத்தாள். சிரித்த முகங்கள் பத்தும் மறுபடி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. சுஜானி தலையை நிமிர்த்தவேயில்லை.

கெவின் கையை உயர்த்தினான். "ரீச்சர், வேற நாட்டோட ஒரு பிரச்சினை வந்தா ஆர் போய்க் கதைக்கிறது?"

"சனாதிபதி. இல்லாட்டி அவர் அனுப்புற ஆக்கள்."

"மூண்டாம் வகுப்பு எங்களுக்கு வேற நாடுதானே. நான் போய்க் கதைக்கட்டோ?"

ஜெனனி தன்னையறியாமல் தலையாட்டினாள். "அது அவன்ர வேலைதான். ஆனா ஒப்பந்தம் செய்துகொண்டு வந்தா எங்களிட்டக் காட்ட வேணும். மூண்டில ரெண்டு பங்கு பேர் ஓம் எண்டாத்தான் செல்லும். நான் வாசிச்சனான்."

வாசலில் நின்ற தில்லைநாதன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த இரண்டு பேரும் தமிழில் இவ்வளவு நீளமாகக் கதைத்து அவர் கேட்டதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு கிழமை பொறுக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமைகளில் கெவினுக்குப் பள்ளி வேளைக்கே முடிந்துவிடும். பவதாரணி வேலையில் நேரம் மாற்றிக்கொண்டு அவனோடு போனாள். அவன் தகப்பனுடைய கழுத்துப்பட்டியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். அது இடுப்புக்குக் கீழே தொங்கியது.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வட்டமாகப் போட்டிருந்த வாங்குகளில் இருந்தார்கள். வாரம் ஒருமுறை அவர்கள் இப்படி வட்டமாக இருந்து தங்கள் பிரச்சினைகளைப் பேசித் தீர்ப்பார்களாம். மர்மோட் என்ற மலை விலங்கின் துணிப் பொம்மை ஒன்று கைமாறி வந்தது. அது யாரிடம் இருக்கிறதோ அவர் பேசலாம். கெவின் அதை மடியில் வைத்துக்கொண்டு, நல்ல பேர்ண் ஜெர்மனில், தான் சனிக்கிழமைகளில் இந்த அறையின் சனாதிபதி என்று அறிமுகம் செய்தான்.

முன்பல் இரண்டும் விழுந்த ஒரு சிறுமி மர்மோட்டை வாங்கினாள். "மற்ற ஆறு பேரும் எங்கே?" என்று கேட்டாள்.

கெவினுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. இந்த நாட்டில் அரசாங்கம் என்றால் ஏழு பேர். சனாதிபதிப் பட்டம் அவர்களுக்குள் ஆண்டுக்கொருவராகச் சுற்றிவரும். தனியொருவன் சனாதிபதி என்று வந்து நின்றால் மீதியை எங்கே விட்டாய் என்றுதானே பிள்ளை கேட்கும்.

"அமெரிக்காவில் ஒருவர்தான்" என்றான்.

"தனியாகவா?" அந்தச் சிறுமி அவனை மிகவும் பாவமாகப் பார்த்தாள்.

பவதாரணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மோசர் ஆசிரியைக்கும் வந்தது. இருவரும் வாசலுக்கு வெளியே போனார்கள். அறையைப் பறிக்கும் எண்ணம் தனக்கில்லை என்றும், பிள்ளைகள் ஒரு மாதம் மினக்கெட்டுச் செய்ததைச் சாய்ந்த கோபுரத்தோடு கண்டபோது ஆத்திரம் வந்துவிட்டது என்றும் மோசர் சொன்னார். பவதாரணி திரும்பி உள்ளே வருவதற்குள் பேச்சுவார்த்தை முடிந்திருந்தது.

சனிக்கிழமை கெவின் அதே கழுத்துப்பட்டியோடு வந்து ஒப்பந்தத்தைச் சபையில் வாசித்தான். தேவாலயத்தைத் தமிழ் வகுப்புப் புதிதாகக் கட்டிக் கொடுக்கும். இனிமேல் சனிக்கிழமைகளில் கிராமம் முழுவதும் அலுமாரிக்கு மேல் ஏற்றி வைக்கப்படும். தமிழ்ப் புத்தகங்களுக்கு மூன்றாம் வகுப்பு ஒரு தட்டை ஒதுக்கித் தரும். பதிலுக்குத் தமிழ் வகுப்பு அவர்கள் எல்லோருடைய பெயரையும் தமிழில் எழுதிக் கொடுக்கும். கடைசியாக, அவர்கள் எல்லோருக்கும் உள்ளே கறி வைத்துச் சுருட்டிப் பொரித்த ஒவ்வொரு ரோல்ஸ்.

"ரோல்ஸ் ஏன்?" என்றாள் ஜெனனி.

"அதில ஒரு பெடியன்ர பக்கத்து வீடு தமிழ் ஆக்கள். அவன் திண்டிருக்கிறான். அவன் கேட்ட உடனை எல்லாரும் கேட்டவை."

"ஆர் சுடுறது?"

கெவின் ஒப்பந்தத் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தான்.

"உன்ர அம்மாவோ? நீ அவவைக் கேட்டனியோ? சனாதிபதி வாக்குக் குடுக்கலாம். ஆனா அதுக்கு வேண்டியதை ஒதுக்கிறது நாங்கள். நாங்கள் அம்மாமாரை ஒதுக்க மாட்டம்."

அவள் சொல்வது முழுக்கச் சரி என்று பவதாரணிக்குப் பட்டது. ஜெனனி ஒரு திருத்தம் கொண்டுவந்தாள். ரோல்ஸை வகுப்பே சுட வேண்டும், சனாதிபதி உட்பட. எல்லாப் பிள்ளைகளும் சாப்பிடும்படி மீனோ இறைச்சியோ போடாமல் மரக்கறி ரோல்ஸ். ஜெனனியின் பக்கத்தில் நான்கு பேருக்கு இது பிடித்துக்கொண்டது. மற்ற இரண்டு பேருக்கு அடுப்படி என்றாலே ஆகாது. கெவினின் பக்கத்தில் கோபிசன் மட்டும் முதலில் முணுமுணுத்துவிட்டுப் பிறகு சம்மதித்தான். வாக்கெடுத்தார்கள். ஆறு வேண்டிய இடத்தில் ஐந்து கைதான் உயர்ந்தது. ஒன்று குறைந்தது.

"சுஜானி" என்றான் கெவின். "நீ என்ர ஆளெல்லோ."

சுஜானி கையை மடியில் வைத்திருந்தாள். "எனக்கு அந்தப் பிள்ளையளுக்கு முன்னால போக ஏலாது."

"நீ ஒண்டும் யோசியாதை. சனாதிபதிக்கு மன்னிக்கிற அதிகாரம் இருக்கு. நான் உன்னை மன்னிச்சிட்டன்."

"நீ மன்னிச்சு என்ன செய்யிறது? சேர்ச் உன்ரயோ?"

ஒருவரும் சிரிக்கவில்லை. கெவின் கழுத்துப்பட்டியை இழுத்துத் தளர்த்தினான். போய் சுஜானிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தான். "அந்தக் கோபுரம் முதலே ரெண்டு தரம் விழுந்ததாம். அவையளே சொன்னவை. பசை வடிவாப் பிடிக்கேல்லையாம். பல்லு விழுந்த ஒரு பிள்ளை, இப்ப சாய்ஞ்சிருக்கிறதுதான் தனக்கு விருப்பம் எண்டு சொன்னவள்."

சுஜானி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "இதை நீ எப்ப சொல்லுறதா இருந்தனீ?"

"நீ கேக்கேல்லையே."

"ஒரு கிழமையா நான் நித்திரை கொள்ளேல்லை, கெவின்."

"சொறி" என்றான் கெவின். அது ஆங்கிலம்தானே, ஜெர்மன் இல்லையே என்று பின்னாலிருந்து யாரோ கேட்க, வகுப்பில் மறுபடி சிரிப்புப் பரவியது. சுஜானியும் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை உயர்த்தினாள். "ஆனா சேர்ச்சை நான்தான் கட்டுவன். ஒருத்தரும் கிட்ட வரக்கூடாது."

ஒப்பந்தம் நிறைவேறியது. இடைவேளையில் கெவின் பவதாரணியிடம் வந்தான். "ரீச்சர், சனாதிபதியின்ர வேலை முழுக்க மற்றாக்களைக் கெஞ்சிறதுதான் போல."

"இது குறிப்பில இல்லை" என்றாள் அவள். "எழுதிச் சேர்க்கிறன்."

ரோல்ஸ் சுட்டது கெவின் வீட்டில். அவனுடைய தாய் மரியகொறற்றி கதவைத் திறந்து பத்துப் பேரையும் உள்ளே விட்டுவிட்டு, தான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அடுப்படி வாசலில் இருந்துகொண்டார். "நான் கை வைக்க மாட்டன். சபை தீர்மானம் எண்டு மகன் சொன்னவன்" என்றார். கிழங்கு அவித்தவர்கள் உப்பை மறந்து, கடைசியில் தூவிப் பிசைந்தார்கள். மாவைக் கரைத்தவர்கள் தண்ணீரைக் கூட்டிவிட்டார்கள். ஜெனனி சுற்றிய ரோல்ஸ் எல்லாம் ஒரே அளவில், வரிசை பிசகாமல் கிடந்தன. கெவின் சுற்றியவை வாய் பிளந்து கிடந்தன. ரஸ்க் தூளில் பிரட்டிப் பொரித்து எடுத்த முதலாவதை மரியகொறற்றி கடித்துப் பார்த்து, சற்று நேரம் மென்றார். எல்லோரும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தானும் வேலையில் இப்படித்தான் மற்றவர்களின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்தாள் பவதாரணி.

"உப்பு இப்ப சரி" என்றார் மரியகொறற்றி.

அடுத்த செவ்வாய்க்கிழமை, அவரவர் பள்ளியில் அனுமதி வாங்கிக்கொண்டு, பத்துப் பேரும் மூன்றாம் வகுப்புக்குப் போனார்கள். சுஜானி கட்டிய தேவாலயத்துக்குக் கதவு திறந்து மூடக்கூடியதாக இருந்தது. உள்ளே விரல்நுனி அளவில் வாங்குகளும் இருந்தன. கோபுரத்தை அவள் வேண்டுமென்றே ஒரு துளி சாய்த்திருந்தாள். பல் விழுந்த சிறுமி அதைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, மர்மோட்டைக் கொண்டுவந்து சுஜானியின் கையில் கொடுத்தாள். சுஜானி அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, குனிந்து தேவாலயத்தின் கதவைத் திறந்து காட்டினாள்.

ஜெனனி கரும்பலகை நிறையப் பெயர்களை எழுதினாள். லூக்காவும் எலினாவும் இலகுவாக வந்தார்கள். ஃபுளூரின் என்று ஒரு பையன் வந்தபோது, அவள் ஆய்த எழுத்தைப் போட்டு, இந்த மூன்று புள்ளியும் அநேகமாகச் சும்மாதான் இருக்கும், உன்னைப் போல ஆட்கள் வரும்போதுதான் அதற்கு வேலை என்றாள். அவன் அதைத் தன் கையிலும் எழுதிவிடச் சொன்னான். பிறகு எல்லோருக்குமே தங்கள் பெயரில் அந்த மூன்று புள்ளி வேண்டும் என்றாகி, மோசர் ஆசிரியை தலையிட வேண்டி வந்தது.

தில்லைநாதனும் வந்திருந்தார். பின்னால் நின்று ஒரு ரோல்ஸை மெதுவாகச் சாப்பிட்டார். கெவின் சுற்றியது அது, வாய் பிளந்தது. "பவதாரணி" என்றார், "அடுத்த பாடம் பிரித்தானியப் பாராளுமன்றம். குறிப்பு எழுதத் தொடங்கிட்டன். எழுதட்டோ, விடட்டோ?"

"எழுதுங்கோ அண்ணை. பிள்ளையள் உங்களோட வாதாட ஏதாவது வேணுமே."

"என்னோடயோ?"

"அரசர் வேசத்துக்கு ஆள் தேடுகினம்."

அவர் மிச்ச ரோல்ஸையும் மென்று முடித்தார். "அரசருக்கு அங்க அதிகாரம் ஒண்டும் இல்லை" என்றார் பிறகு. ஆனால் மறுக்கவில்லை.

வாய்மொழிப் பரீட்சையில் ஒருவரும் சோடை போகவில்லை. கெவினிடம் சனாதிபதியின் அதிகாரங்களைச் சொல்லச் சொன்ன பரீட்சகர், அவன் நிறுத்தாமல் கதைக்கத் தொடங்கியதும், நேரமாகிறது தம்பி என்று இடையில் மறிக்க வேண்டியதாயிற்றாம்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை பத்தாம் இலக்க பஸ் தாமதித்ததில் பவதாரணி நேரம் பிந்தித்தான் பள்ளிக்கு வந்து சேர்ந்தாள். மாடிப்படியிலேயே சத்தம் கேட்டது. ஓடிப் போய்க் கதவைத் திறந்தாள். கிராமம் அலுமாரிக்கு மேல் பத்திரமாக இருந்தது. சுஜானி அடுத்த சனாதிபதித் தேர்தலுக்கு நிற்கப்போவதாக அறிவித்திருந்தாள். அவளை எதிர்த்து நிற்க ஒருவரும் முன்வரவில்லை. எல்லோருக்கும் சபையில் இருக்கத்தான் ஆசை. போட்டியில்லாமல் ஒருவரைத் தெரிவு செய்யலாமா என்பதில் ஒன்பது பேரும் ஒருவரையொருவர் பேசவிடாமல் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அத்தனையும் தமிழில். சொல் கிடைக்காத இடத்தில் கையை விசுக்கி, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லைக் கேட்டு வாங்கி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

ஒருவரும் அவளைக் கவனிக்கவில்லை. பவதாரணி மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டிக் கதிரை ஒன்றில் முழங்காலை மடித்துக்கொண்டு இருந்தாள். ஜாக்கெற்றைக் கூடக் கழற்றவில்லை. அவளுக்கும் இதில் சொல்ல ஒன்று இருந்தது. கையை உயர்த்தினாள்.

ஜெனனி கண்டுகொண்டாள். "கொஞ்சம் பொறுங்கோ ரீச்சர்" என்றாள். "உங்களுக்கு முன்னால மூண்டு பேர் நிக்கினம்."